கண்ணாடிப் போத்தலுக்கு இருக்கிற காசு பிளாஸ்டிக் போத்தலுக்கு ஏன் இல்லை? டிபொசிட் சட்டம் பற்றிப் பேசுவோம்

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மாரி மழைக்குப் பிறகு முகத்துவாரம் வெட்டிவிட்டதும் மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆற்றுவாழைக்கு நடுவே தண்ணிப் போத்தலும் சோடாப் போத்தலுமாகக் கடலை நோக்கி இறங்கும். மிஞ்சியது வாவிக்கரைச் சதுப்பில் வளர்கிற கண்ணா மரத்து வேர்களுக்குள் சிக்கி அடுத்த மாரி வரைக்கும் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கழகங்களும் சிரமதானம் வைத்து அள்ளுகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அள்ளுகிற வேகத்தைவிடப் போடுகிற வேகம் கூட.

அந்தக் குவியலைக் கிளறினால் அநேகமாக எல்லாம் பிளாஸ்டிக். கொம்பனிக்குத் திரும்பிப் போகிற கண்ணாடிச் சோடாப் போத்தல் அதற்குள் அகப்படுவது அபூர்வம். ஏனென்றால் அதை டிபொசிட், அதாவது போத்தலைத் திருப்பினால் திரும்பக் கிடைக்கிற காசு, கட்டித்தான் வெளியே எடுக்கிறோம், இல்லாவிட்டால் கடையிலேயே நின்று குடித்துவிட்டு வைத்துவிட்டு வருகிறோம். காஸ் சிலிண்டரை யாராவது வாவிக்குள் எறிந்து கண்டிருக்கிறீர்களா? வெறுமையானாலும் அதற்கு விலை இருக்கிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017இல் சோறு கட்டுகிற லஞ்ச் சீற்றையும் நுரைப் பிளாஸ்டிக் ரெஜிபோம் பெட்டியையும் தடை செய்தது. 2021இல் சின்னச் சஷே பைக்கற்றுகள். 2025 நவம்பர் 1இலிருந்து கடையில் ஷொப்பிங் பைக்குக் காசு. குடிபானப் போத்தலைத் தடை செய்ய ஏலாது, அது எனக்கும் விளங்கும். கிணற்றுத் தண்ணி உவர்க்கிற இடத்தில் சனம் தண்ணி வாங்கித்தான் குடிக்கும். தடை செய்ய முடியாத பொருளுக்குத்தான் டிபொசிட் பொருந்தும். உற்பத்தி செய்கிற அல்லது இறக்குமதி செய்கிற கொம்பனி ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு தொகையைச் சேர்த்து விற்கும். அதே தொகை விநியோகஸ்தரிடம், கடையில், கடைசியாக நம்மிடம் வாங்கப்படும். வெறும் போத்தல் திரும்பும்போது அந்தக் காசும் அதே வழியாகத் திரும்பும். அரசு பணம் போடத் தேவையில்லை. சட்டம் போட்டால் போதும்.

இன்னொன்று. நமக்குப் பழக்கமான கண்ணாடிப் போத்தல் டிபொசிட், சட்டம் சொல்லி வந்ததில்லை. தன்னுடைய போத்தலைத் திரும்பப் பெறக் கொம்பனியே வைத்தது. கொம்பனி பிளாஸ்டிக்குக்கு மாறினால் அந்த ஏற்பாடும் கூடவே போய்விடும். நம்முடைய கண்ணுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது இரண்டு: எல்லாப் போத்தலுக்கும் டிபொசிட், மிச்சமிருக்கிற மறுநிரப்புப் போத்தலுக்குப் பாதுகாப்பு.

கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எழுதுங்கள்.

காத்தான்குடி_சில்லறைக்கடை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தம்பி, நல்ல விஷயம்தான். ஆனா கடைக்குள்ள நின்று பார்த்தா வேற மாதிரி இரிக்கும்.

கண்ணாடிப் போத்தல் ஒண்டு திரும்பி வந்தா நான் என்ன செய்றன் தெரியுமா? முதல்ல வாயைச் சுத்தி விரலால தடவிப் பார்க்கணும். சின்னதா ஒரு செதில் கழன்றிருந்தாலும் லொறிக்காரர் எடுக்கமாட்டார், நட்டம் எனக்கு. அடியில நாலு சொட்டுச் சோடா மிச்சமிருக்கும், விடிஞ்சா கிறேட் முழுக்க எறும்பு. மழை நாளில சேறு பூசின போத்தல் கொண்டு வருவாங்க. கழுவித் தாங்கோ என்றா கோவம். பெருநாள் கிழமையில கிறேட்டை வைக்க இடமில்லாம அரிசி மூட்டைக்கு மேல அடுக்கி வைக்கிறன். இவ்வளவுக்கும் எனக்கு ஒரு சதமும் இல்ல. கட்டின காசு திரும்பி வரும், அவ்வளவுதான். லொறி வர ஒரு கிழமை பிந்தினா என்ட காசு அந்தக் கிறேட்டுக்குள்ளயே கிடக்கும்.

இப்ப இதோட பிளாஸ்டிக் போத்தல், டின், பால் பைக்கற் எல்லாத்தையும் எடு என்று சட்டம் வந்தா எங்க வைக்கிற? சுப்பர் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் களஞ்சியம் இரிக்கு. எனக்கு இரிக்கிறது ஒரு கதவும் ஒரு மேசையும். சூழல் நல்லா இரிக்கணும் என்ற ஆசை எனக்கும் இரிக்கு. எங்கட கடற்கரையும் அதே குப்பைதான். ஆனா சுமையை யார் தூக்கிற என்று எழுதாத சட்டம் கடைசியில எங்கட தோளிலதான் வந்து நிக்கும்.

ஜேர்மனியில்_ஒரு_களுவாஞ்சிகுடியான்

காத்தான்குடிக் கடைக்காரக் காக்கா சொல்வதைத்தான் முதலில் பேச வேண்டும். இங்கே ஜேர்மனியில் 2003 ஜனவரி 1இல் ஒருமுறைப் போத்தலுக்கும் டின்னுக்கும் கட்டாய டிபொசிட் வந்தது. 25 சதம், யூரோவில். ஏறக்குறைய 98 வீதம் திரும்பி வருகிறது. ஆனால் எல்லாக் கடையும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 200 சதுர மீற்றருக்குக் குறைந்த கடை, தான் விற்கிற மார்க்கை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். பெரிய கடையில் மெசின் நிற்கிறது. போத்தலை நசுக்காமல், லேபல் கிழியாமல் உள்ளே வைத்தால் அது சுழற்றிக் கோட்டுக்குறியைப் படித்துவிட்டுத் துண்டு தரும். துண்டைக் காசாளரிடம் கொடுத்தால் சாமான் கணக்கில் கழிப்பார்.

இந்த ஊரை அப்படியே எடுத்து மட்டக்களப்பில் வைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே மறுநிரப்புப் போத்தலுக்கு டிபொசிட் குறைவு. பியர் போத்தலுக்கு 8 சதம், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 15. கண்ணாடிப் போத்தல் ஐம்பது தடவை வரைக்கும் கழுவி நிரப்பப்படும். 1991இல் குடிபானத்தில் எழுபது வீதத்துக்கு மேல் இப்படித்தான் விற்றது. அதைக் காப்பாற்றத்தான் ஒருமுறைப் போத்தலுக்கு டிபொசிட் போட்டார்கள். நடந்தது எதிர்மாறு. மலிவுக் கடைகள் ஒருமுறைப் பிளாஸ்டிக்கிலேயே தண்ணியை விற்றன. சனமும் எப்படியும் மெசினில் போட்டுக் காசு எடுக்கலாம்தானே என்று அதையே வாங்கியது. இப்போது மறுநிரப்புப் பங்கு நாற்பது சொச்சம் வீதம். 70 வீதம் வேண்டும் என்று சட்டத்தில் இலக்கு எழுதியிருக்கிறார்கள், எட்டவில்லை.

டிபொசிட் போத்தலைத் தெருவிலிருந்து எடுத்துவிடும். போத்தல் உற்பத்தியைக் குறைக்காது. தம்பி சொன்ன இரண்டாவது கோரிக்கை தானாக நடக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்குத் தனி விதி வேண்டும்.

ஏறாவூர்_பெண்

என்ட வாப்பா பழைய இரும்பு, வெறும் போத்தல் எடுக்கிறவர். சைக்கிளில தொடங்கி இப்ப ஒரு சின்ன லேண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு றக்டர்). இந்த மாதிரிப் பேச்சு வரும்போது எங்களை யாரும் கேக்கிறல்ல என்றதால எழுதுறன்.

பிளாஸ்டிக் போத்தலைக் கிலோக் கணக்கிலதான் எடுப்பாங்க. தண்ணிப் போத்தல் ஒரு கிலோ வரணும் என்றா ஐம்பதுக்கு மேல வேணும். சாக்கு நிறைஞ்சிடும், நிறுத்தா ஒண்டும் இல்ல. வாப்பா மூடியைக் கழட்டி ஒவ்வொண்டையும் காலால மிதிச்சுத் தட்டையாக்கித்தான் சாக்குக்குள்ள போடுவார். அதுக்குத்தான் பாதி நாள் போகும். அதனால வாவிக்குள்ள கிடக்கிறதை, காட்டுக்குள்ள கிடக்கிறதை ஒருத்தரும் எடுக்கப் போகமாட்டாங்க. கூலிக்கே காணாது. வீட்டில, ஹோட்டலில குவிஞ்சிருந்தாத்தான் எடுப்பாங்க.

எண்ணிக்கைக் கணக்கில காசு வந்தா, ஒரு போத்தலுக்கு இவ்வளவு என்றா, கதையே வேற. கண்ணா மரத்து வேருக்குள்ள கிடக்கிறதும் காசாகும்.

ஆனா ஒரு பயம். மெசின் வந்து, கொம்பனியே தனி ஆக்களை வெச்சு எடுக்கத் தொடங்கினா எங்களிட்ட போத்தல் வராது. நசுங்கின போத்தலுக்குக் காசு இல்ல என்று சட்டம் சொன்னா, வாப்பா போல ஆக்கள் காற்றைத்தான் ஏத்திக்கொண்டு திரியணும். யார் கொண்டு வந்தாலும், எத்தனை கொண்டு வந்தாலும் காசு கொடுக்கணும் என்று எழுதுங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வெக்கக்கூடாது.

வாவிக்கரை

தங்கச்சி, நீங்கள் எழுதியது இந்த இழைக்கு மிகவும் தேவையானது. கிலோவுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படி யோசித்ததில்லை.

காக்காவின் கேள்விக்கு: கடைக்குக் கையாளும் கூலி என்று ஒன்றைச் சட்டத்திலேயே எழுதலாம். நியூயோர்க் மாநிலத்தில் கொம்பனி ஒரு போத்தலுக்கு 3.5 சதம் கடைக்காரருக்கோ மீட்பு நிலையத்துக்கோ கொடுக்க வேண்டும். கூலி இல்லாமல் இது ஓடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அக்கரைப்பற்று_டீச்சர்

எல்லோரும் பணக்கார நாடுகளையே பார்க்கிறீர்கள். பசிபிக்கில் கிரிபாத்தி என்று ஒரு தீவு நாடு இருக்கிறது. நம்மை விடச் சின்னது, நம்மை விட வசதி குறைந்தது. அங்கே மெசின் இல்லை. டின்னும் பிளாஸ்டிக் போத்தலும் நாட்டுக்குள் வரும்போதே ஒவ்வொன்றுக்கும் 5 சதம் வாங்கிவிடுகிறார்கள். சேகரிப்பு நிலையத்தில் கையால் எண்ணி 4 சதம் திருப்பிக் கொடுக்கிறார்கள். மிச்ச 1 சதம் நிலையத்தை நடத்துகிறவருக்கு. பலாவுத் தீவிலும் இதே முறைதான், 10 சதம் வாங்கி 5 சதம் திருப்புகிறார்கள். கடைக்காரருக்குத் தலையிடி இல்லை. போத்தல் கடைக்குத் திரும்பத் தேவையில்லை, நிலையத்துக்குப் போனால் போதும். தென் அவுஸ்திரேலியாவில் 1977இலிருந்து இருப்பதும் பெரும்பாலும் இப்படி நிலையங்கள்தான். ஏறாவூர்த் தங்கச்சியின் வாப்பா போன்றவர்களிடம் லேண்ட்மாஸ்ரரும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களையே அனுமதி பெற்ற நிலையங்களாக ஆக்கினால் அவர்களுடைய பிழைப்பும் போகாது.

தொகையைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் 1971இல் சட்டம் இயற்றி ஒரு போத்தலுக்கு 5 சதம் வைத்தது. அந்தக் காலத்தில் அது காசு. விலைவாசி ஏற ஏற 5 சதத்துக்காகக் குனிகிறவர்கள் குறைந்தார்கள். 2016இல் திரும்பியது 64 வீதம்தான். நல்ல வேளையாக, இரண்டு வருடம் தொடர்ந்து 80 வீதத்துக்குக் கீழே போனால் தொகை 10 சதமாகும் என்று சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது. 2017 ஏப்ரலில் ஏறியது. 2019இல் 86 வீதம்.

நம்முடைய நாட்டில் 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் எழுபது வீதம் வரைக்கும் போனது. அதற்கு முன்னால் யாராவது சட்டத்தில் 5 ரூபா என்று எழுதியிருந்தால் இன்றைக்கு ஒரு ரொபிக்குக் கூடக் காணாது. ரூபாத் தொகையைச் சட்டத்தில் எழுதவே கூடாது. திரும்பும் வீதம் குறைந்தால் தொகை தானாக ஏற வேண்டும் என்று எழுத வேண்டும். வர்த்தமானிக்கு அமைச்சர் எப்போது கையெழுத்து வைப்பார் என்று காத்திருக்கும் ஏற்பாடு வேலைக்கு ஆகாது.

லொறி_மாஸ்ரர்_வாழைச்சேனை

நான் கனகாலம் குடிபான விநியோக லொறியில. கொம்பனிப் பேர் வேண்டாம்.

மேற்கோள்: *"மிச்சமிருக்கிற மறுநிரப்புப் போத்தலுக்குப் பாதுகாப்பு"*

கண்ணாடி ஏன் குறையுது என்றா பாரம். கொழும்புப் பக்கத்தில இருந்து இங்க 300 கிலோமீற்றருக்கு மேல. பிளாஸ்டிக்கில ஏத்தினா அதே லொறியில கூடச் சோடா வரும். கண்ணாடியில பாதிப் பாரம் போத்தலே. போற வழியில உடையும். திரும்பிப் போகேக்க வெறும் போத்தலை எண்ணிச் சரிபார்க்கக் கடைக்குக் கடை நிக்கணும். ஆனா ஒரு உண்மையையும் சொல்லணும்: லொறி எப்படியும் திரும்பிப் போகத்தான் வேணும். வெறுமையாப் போற லொறிக்கு வெறும் போத்தல் பெரிய சுமை இல்ல.

பெரிய கரைச்சல் வேற. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு போத்தல். ஒருத்தன்ட போத்தல் மற்றவன்ட கிறேட்டுக்குள்ள போனா எடுக்க ஏலாது, கடையில கிடந்து தூசி பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே போத்தல், லேபல் மட்டும் வேற என்று வந்தா பாதிப் பிரச்சினை முடியும். பிறேசிலில ஒரு பெரிய கொம்பனி 2018இல தன்ட எல்லாச் சோடாவுக்கும் ஒரே மறுநிரப்புப் போத்தலைக் கொண்டு வந்தது. அது ஒரு கொம்பனிக்குள்ள. சட்டம் சொன்னா எல்லாக் கொம்பனிக்கும் செய்யலாம். அப்படி வந்தா கழுவி நிரப்புற இடத்தையும் கிழக்கிலயே ஒண்டு போடலாம், 300 கிலோமீற்றர் ஓடத் தேவையில்ல. எங்கட பொடியனுகளுக்கு வேலையும் வரும்.

ஜேர்மனியில்_ஒரு_களுவாஞ்சிகுடியான்

மாஸ்ரர் சொல்வது முழுக்கச் சரி. இங்கே 1969இலிருந்து தண்ணிக்கும் சோடாவுக்கும் ஒரு பொதுக் கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. பல கொம்பனிகள் அதையே பயன்படுத்துகின்றன. யாருடைய போத்தல் யாரிடம் போனாலும் கவலையில்லை, பக்கத்து ஆலை கழுவி நிரப்பும்.

கொம்பனிகள் தாங்களாகச் செய்யும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். கொக்கா கோலா 2022இல், 2030க்குள் தன்னுடைய விற்பனையில் 25 வீதத்தை மறுநிரப்பில் தருவதாக உலகத்துக்குச் சொன்னது. 2024 டிசம்பரில் புதிய இலக்குகளை அறிவித்தபோது அந்த வாக்குறுதி அதில் இல்லை. கனடாவில் பிரின்ஸ் எட்வேர்ட் தீவு 1984இலிருந்து மறுநிரப்புப் போத்தலில் மட்டும்தான் சோடா விற்கலாம் என்று வைத்திருந்தது. 2008இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். சட்டம் இருந்தவரைக்கும் போத்தலும் இருந்தது.

அட்டாளைச்சேனை_விவசாயி

எங்கட பக்கத்துக் கதையையும் ஒருக்கா கேளுங்க. பள்ளக்காட்டுக் குப்பைமேடு அஷ்ரப் நகருக்குப் பக்கத்தில. சுத்தியுள்ள ஊர்களின் குப்பை எல்லாம் அங்கதான் போகுது. யானை வந்து பொலித்தீனோட சேர்த்துத் தின்னுது. எட்டு வருஷத்தில இருபது யானை அளவில செத்துப்போச்சு என்று 2022 ஜனவரியில உலகச் செய்தியிலேயே வந்தது. செத்த யானைகளைப் பரிசோதிச்சா வயித்துக்குள்ள பொலித்தீனும் சாப்பாட்டு உறையும் பிளாஸ்டிக்கும். குப்பையில பழகின யானை பிறகு வயலுக்குள்ள இறங்கும். எங்கட வேளாண்மையும் போகுது, உயிரும் போகுது.

போத்தல் டிபொசிட் வந்தா பொலித்தீன் நிக்கப்போறல்ல. அதை இதுக்குள்ள போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனா பிரதேச சபை றக்டர் ஏத்திற பாரத்தில இடம் அடைக்கிறது போத்தல். அது குறைஞ்சா மிச்சக் குப்பையைப் பிரிக்க ஆக்களுக்கு நேரம் வரும். அதனால நானும் இதுக்கு ஆதரவு.

ஒரு கேள்வி. திருப்பிக் கொண்டு வராத போத்தலுக்குக் கட்டின காசு யாருக்கு?

அக்கரைப்பற்று_டீச்சர்

இதுதான் மிக முக்கியமான கேள்வி, பலர் கேட்காமலே விட்டுவிடுவார்கள். ஜேர்மனியில் அது கொம்பனிகளிடமே தங்குகிறது. அதாவது போத்தல் திரும்பாவிட்டால் அவர்களுக்கு இலாபம். மிச்சிகன் மாநிலத்தில் 75 வீதம் அரசுக்கு, சூழல் வேலைகளுக்காக. 25 வீதம் கடைக்காரர்களுக்கு. நோர்வேயில் இன்னொரு பிடி வைத்திருக்கிறார்கள். கொம்பனிக்குச் சூழல் வரி உண்டு. திரும்பும் வீதம் கூடக் கூட வரி குறையும், 95 வீதத்தில் வரியே இல்லை. அதனால் போத்தலைத் திரும்பப் பெறக் கொம்பனியே ஓடித் திரியும்.

நம்முடைய சட்டத்தில் அந்தக் காசு கொம்பனிக்கும் போகக்கூடாது, கொழும்புத் திறைசேரிக்குள் போய்க் கரையவும் கூடாது. குப்பையைச் சுமக்கிற உள்ளூராட்சி சபைகளுக்கும், கடைக்காரரின் கூலிக்கும், சேகரிப்பு நிலையங்களுக்கும் என்று பிரித்து எழுத வேண்டும்.

காத்தான்குடி_சில்லறைக்கடை

டீச்சர், நிலையம் வேற, கடை வேற என்று நீங்க சொன்னது எனக்கு விளங்குது. அப்படி என்றா எதிர்ப்பு இல்ல. காசு வாங்கி விக்கிறன், போத்தல் நிலையத்துக்குப் போகட்டும். விருப்பமுள்ள கடை மட்டும் கூலிக்கு எடுக்கட்டும். தமிழ்நாட்டில அரசு மதுக்கடையில 10 ரூபா கூட வாங்கி வெறும் போத்தலுக்குத் திருப்பிக் கொடுக்கிறாங்க, நீதிமன்றம் சொல்லி 2022இல நீலகிரியில தொடங்கினது. அங்கயும் வேலை செய்றவங்க இடமில்ல, ஆளில்ல என்று போராட்டம் செய்தாங்க. போத்தல் திரும்பினது உண்மை. வேலைக்காரங்க கஷ்டப்பட்டதும் உண்மை. ரெண்டையும் பார்த்துத்தான் எழுதணும்.

திருக்கோவில்_பாதயாத்திரை

சட்டம் வரக் காலம் எடுக்கும். அதுவரைக்கும் ஒரு இடத்தில் செய்து காட்டலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னால் உகந்தையிலிருந்து காட்டுப்பாதை திறக்கிறார்கள். ஆயிரக்கணக்கான அடியார்கள் கூமுனை, நாவலடி என்று நடந்து போகிறார்கள். கடை கிடையாது. கையில் கொண்டு போகிற தண்ணிப் போத்தல்தான் துணை. காலியானதும் வழியிலேயே விழுகிறது. முருகனைத் தேடிப் போகிற பாதையில், மான் தண்ணி குடிக்க வருகிற இடத்தில் போத்தல் கிடப்பதைப் பார்க்க மனம் வேகிறது.

உகந்தை வாசலில் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டி ஒரு தொகை வாங்கலாம். காட்டைக் கடந்ததும் ஸ்ரிக்கரோடு போத்தலைக் காட்டினால் காசு திரும்பும். காசு இல்லாத ஏழை அடியார்களுக்குத் தண்ணிக் குடுவை இரவல் கொடுக்கலாம். அன்னதானம் கொடுக்கிற சபைகள் இதற்கும் முன்வருவார்கள்.

வாவிக்கரை

அண்ணன், மிகவும் நல்ல யோசனை. உள்ளே போகிற வாசல் ஒன்று, எண்ணிக்கையும் தெரியும். லகுகல பிரதேச சபைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் கோவில் நிர்வாகத்துக்கும் ஒரே கடிதமாக எழுதுவோம். வரைவை நான் இந்தக் கிழமை இங்கே போடுகிறேன். திருத்துங்கள்.

லொறி_மாஸ்ரர்_வாழைச்சேனை

ஒரு விஷயம் யோசிச்சீங்களா? உகந்தை அம்பாறை மாவட்டம். வெளியேறுற இடம் கதிர்காமம், மொனராகலை மாவட்டம், ஊவா மாகாணம். காசு வாங்குறது லகுகல பக்கம், திருப்பிக் கொடுக்கிறது அங்க. லகுகல சபைக்கு அங்க மேசை போட அதிகாரம் இல்ல. அந்தப் பக்கத்துச் சபையும் சம்மதிக்கணும், காசை இங்கயிருந்து அங்க கொண்டு போகவும் ஆள் வேணும்.

அக்கரைப்பற்று_டீச்சர்

மாஸ்ரர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அறுகம்பேயில் வாங்கிய போத்தல் எல்ல நகரிலும் காலியாகலாம், மட்டக்களப்பில் வாங்கியது பொலன்னறுவை பஸ்ஸிலும் காலியாகலாம். அதனால் பொதுச் சட்டத்தைத் தேசிய மட்டத்தில், மத்திய சுற்றாடல் அதிகார சபை ஊடாகத்தான் கேட்க வேண்டும். யாத்திரைக்கு மட்டும் இரண்டு மாவட்டச் செயலகங்களுக்கும் கடிதம் போகட்டும். தம்பி, வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். சிங்களத்தை என்னிடம் விடுங்கள்.

ஏறாவூர்_பெண்

கதிர்காமத்துப் பக்கம் போத்தல் எடுக்கிற ஆக்களை வாப்பாவுக்குத் தெரியும். திரும்பின போத்தலை அவங்க ஏத்திக்கொண்டு போவாங்களா என்று கேட்டுச் சொல்றன்.